நாலு கிலோ இருநூறு கிராம்

டயரை உதைச்சுப் பாக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். முப்பத்தொரு வருஷம் டிரெய்லர் ஓட்டுனவன் நான். உதைச்சு டயரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டவன் ஒருத்தனையும் பாத்ததில்லை, காலு வலிச்சவனைத்தான் பாத்திருக்கேன். வாங்க, இப்படி நெழல்ல உக்காருங்க. பல்லடத்துல இருந்து சங்ககிரிக்கு இந்த வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. மோர் குடுத்தா நல்லாருக்கும். ஆனா மோர் அக்கட்டால இருக்குது. அங்க தென்னைமரத்துக்குப் பக்கத்துல வெள்ளையா, நீட்டமா ஒண்ணு நிக்குதுங்களே, அதுக்குள்ள. அதுக்குள்ள நான் நெனைச்ச நேரத்துக்குப் போக முடியாதுங்க. நாலு மணிக்குத்தான் போகலாம். இப்ப மணி மூணு.

நீங்க கேக்கப்போறதை நானே சொல்லிப்போடறேன். லாரி பாக்க வர்ற எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. வண்டி பழசு, சரி. இஞ்சின் பிரிச்சு வேலை பாத்திருக்குது, கிளட்ச் புதுசு, பிரேக் புதுசு, ஆறு டயரும் புதுசு, சீட்டுக்கு மெத்தை வெச்சுத் தெச்சிருக்குது. இத்தனையும் பண்ணிப்போட்டு வெறும் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஏன் விக்கறீங்க? எங்காச்சும் மோதிட்டீங்களா? அப்படி ஒண்ணும் இல்லீங்க. ஒரு கோழி மேலகூட ஏறலை. விக்கறதுக்குக் காரணம் எடை. எடையில ஒரு தப்பு ஆகிப்போச்சு. என் தப்பு இல்லை. எனக்குக் குடுத்த விவரம் தப்பு.

என் பேரு அர்த்தநாரி. எம் பொண்டாட்டி பேரு பாவாயி. கல்யாணம் ஆகி முப்பத்திநாலு வருஷம் ஆகப்போகுது. அதுல முப்பத்தொரு வருஷம் நான் ரோட்டுல. மாசத்துல ஆறு நாளு ஊட்டுல இருந்தா அது பெரிய மாசம். இரும்புச் சுருள், கரண்ட் ஆபீஸ் டிரான்ஸ்பார்மர், காத்தாலை எறக்கை, எல்லாம் இழுத்திருக்கேன். அந்த எறக்கை இருக்குதுங்களே, ஒரு முக்குல திருப்பி முடிக்கறதுக்குள்ள போலீஸ்காரரு ரெண்டு டீ குடிச்சிருவாரு. கல்யாணமான புதுசுல பாவாயி என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா, ராமேசுவரத்துல கடல் பாக்கோணும்னு. நான் வண்டியை விட்டு எறங்குனதும் கூட்டிட்டுப் போறேன்னேன். சொன்ன சொல்லை மறக்கற ஆளு நான் இல்லீங்க. எறங்க முப்பத்தொரு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்.

எறங்கி ஊட்டுல உக்காந்தேன். நேரத்துக்கு இட்லி வந்துச்சு, நேரத்துக்குச் சோறு வந்துச்சு, தின்ன தட்டத்தைக் கழுவக்கூட விடலை. ஒறம்பரை வந்தா எப்படிப் பாப்பாங்களோ அப்படிப் பாத்துக்கிட்டா. நான் அடுப்படிக்குள்ள போனா அவ வெளிய வந்துருவா. நான் வெளிய வந்தா உள்ள போயிருவா. உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு நாலு மாசத்துல எனக்குத் தெரியலை. ஊடு சின்னது, ரெண்டு பேருக்கு இடம் பத்தலைன்னு நெனைச்சேன்.

அப்புறம் எம் பொண்ணு கோகிலவாணிக்குப் பிரசவம். அவ அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கறா. பாவாயி பிரசவம் பாக்கப் போனா, நான் பொட்டி தூக்கப் போனேன். அங்க ஒரு ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாத்தா வரிசையா ஊடு நிக்குது. சக்கரத்து மேல ஊடு. அடுப்பு, கட்டிலு, குளிக்கற ரூமு, எல்லாம் உள்ள. ஊட்டோட மூக்கு லாரி முதுகு மேல உக்காந்திருக்குது. குனிஞ்சு அடியில பாத்தேன். மாட்டற முளை, கிங் பின். அது வந்து உக்கார்ற தட்டு, டர்ன் டேபிள். நான் தெனமும் மாட்டிக் கழட்டுன அதே சாமானுங்க. ஊரான் இரும்பை இழுத்த கொக்கியில ஒரு ஊட்டை மாட்டி, அதுல பொண்டாட்டியை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு ஒரு நாளாச்சும் எனக்குத் தோணுச்சா? அழுதுட்டேன். மாப்பிள்ளை கண்ணுல தூசியான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

அங்க வால்டர்னு ஒரு பெரியவரு, எழுபத்தெட்டு வயசு. அவரும் சம்சாரமும் ஒன்பது வருஷமா அந்த மாதிரி ஊட்டுலதான் குடித்தனம். லாரியை எப்படித் தேடுனீங்கன்னு மாப்பிள்ளையை விட்டுக் கேட்டேன். முதல்ல ஊட்டை முடிவு பண்ணு, அதுல எல்லாச் சாமானையும் ஏத்தி எடை போடு, அப்புறமா லாரி தேடு, லாரியை முதல்ல வாங்கறவன் ரெண்டு லாரி வாங்குவான்னாரு. தங்கமான மனுசன். நாங்க லாரிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு இருந்தப்போ அவரு சம்சாரமும் பாவாயியும் அந்த ஊட்டு வாசப்படியில உக்காந்து ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீசு தெரியாது. என்ன பேசுனீங்கன்னு நான் கேக்கலை. லாரியைப் பத்தி இருக்காதுன்னு தெரியும்.

திரும்பி வர்றப்போ பிளேன்ல அத்தனையும் பாவாயிகிட்டச் சொன்னேன். வண்டி ஊடு கட்டறோம், நம்மளே மாட்டிக்கிட்டுப் போறோம், முதல்ல ராமேசுவரம், அப்புறம் கன்னியாகுமரி, அப்படியே மேக்கால ஏறிக் கோவா, நான் போன ரோடு பூரா உனக்குக் காட்டறேன்னு சொன்னேன். அவ கொழந்தை போட்டோவைப் பாத்துக்கிட்டே ம்னா. ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

ஊட்டை நம்ம பட்டறைக்கார வையாபுரிதான் கட்டுனாரு. லாரிக்குப் பாடி கட்டறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நான் நடந்த நடையைச் சொன்னா நீங்க இன்னொரு நாளு வரோணும், அதை விடுங்க. பாவாயி பட்டறைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தா. வந்து மூணு சங்கதி கேட்டா. அடுப்புக்கு முன்னால ஒரு பெரிய ஜன்னல். அடுப்பு மேடை அவ உசரத்துக்கு இருக்கோணும், ஏன்னா எங்க ஊட்டு மேடை எங்கம்மா உசரத்துக்குக் கட்டுனது, எங்கம்மா நல்ல உசரம். மூணாவது, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வெளிய பூட்டு இருக்குதே, உள்ள எதுக்குத் தாழ்ப்பாள்னு வையாபுரி கேட்டாரு. சும்மாதான்னா. வையாபுரி என்னைப் பாத்தாரு. அட, கேட்டதைப் போடுங்கன்னேன். நல்ல பித்தளைத் தாழ்ப்பாளாப் போட்டாரு. அவ கேட்டு நான் செய்யலைன்னு எவனும் சொல்ல முடியாது பாருங்க.

அப்புறம் எடை. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, நீங்க லாரி வாங்கற ஆளு. எல்லாரும் இஞ்சின் என்ன குதிரைசக்தி, என்ன இழுக்கும்னுதான் கேப்பாங்க. இழுக்கறது பெருசில்லீங்க. இழுக்கறதுக்கு மாடு போதும். பின்னால வர்ற பாரம் நம்ம முதுகு மேல எவ்வளவு உக்காருது, அதோட சேத்து எறக்கத்துல நிறுத்த முடியுதா, இதுதான் சங்கதி. ஊட்டோட மொத்த எடையில அஞ்சுல ஒரு பங்கு லாரி மேல உக்காரும். அதைத் தாங்காத லாரியா இருந்தா முன்சக்கரம் ரோட்டுல பாவாது, ஸ்டியரிங் கையில பஞ்சாட்டம் இருக்கும். அதனால எடை சுத்தமா இருக்கோணும். குத்துமதிப்பு ஆகாது.

அரிசி மில்லுல இருந்து மூட்டை நிறுக்கற தராசு ஒண்ணு பழசா வாங்கியாந்தேன். என் சாமான் ஒவ்வொண்ணா வெச்சேன். ஜாக்கி, ஸ்பேனர் பொட்டி, பெட்ரோமாக்ஸ், துணிமணி, ரெண்டு நாற்காலி, எல்லாம் இருநூத்திப் பன்னெண்டு கிலோ. ஒரு பெரிய காகிதத்துல வரிசையா எழுதுனேன். தண்ணி, கேஸு, அரிசி, பருப்பு எழுதுனேன். அர்த்தநாரி எம்பத்தொண்ணு. பாவாயி அம்பத்தெட்டு. அது கண்ணால பாத்துப் போட்டது, அவ அப்ப பால் சொசைட்டிக்குப் போயிருந்தா. வந்ததும் சொன்னேன், ஒரு வருஷத்துக்கு உனக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் எடுத்தா, எதையும் விட்டுராதேன்னு. உள்ள போயி ஒரு துணிப்பை கொண்டாந்தா. ரெண்டு சீலை, ஒரு துண்டு, சோப்பு டப்பா, ஒரு விபூதிப் பை. நாலு கிலோ இருநூறு கிராம்.

எனக்கு அப்படியே பூரிச்சுப்போச்சு. பொண்டாட்டின்னா இப்படி இருக்கோணும்னு ஊரெல்லாம் சொன்னேன். எங்க காளியண்ணன் இருக்கறாரு, போர்வெல் வண்டி வெச்சிருக்கறவரு, சின்ன வயசுல இருந்து சிநேகிதம். அவரு, எம் பொண்டாட்டி பழனிக்குப் போயிட்டு வர்றதுக்கே மூணு பை கட்டுவாளே, பாவாயி வர்றேன்னு வாயில சொல்லிச்சான்னு கேட்டாரு. வராம இருப்பாளா? அந்த ஆளுக்குப் பொறாமைங்க.

மொத்தம் நாலாயிரத்து முன்னூறு கிலோ. அப்ப லாரி மேல உக்கார்றது எண்ணூத்தி அறுபது. இந்த ரெண்டு நெம்பரையும் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு எட்டு மாசம் லாரி தேடுனேன். எல்லாரும் பிக்கப் வண்டி போதும்னாங்க. போதும், சமவெளியில போதும். கொல்லிமலையில வந்து என்கூட எறங்கிப் பாக்கச் சொல்லுங்க. நாமக்கல்லுல முட்டை ஏத்துற லாரி ஒண்ணு வந்துச்சு. நல்ல வண்டி, ஆனா நீளம். பின்அச்சுக்குப் பின்னால ஆறடி வாலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒடிச்சுத் திருப்புனா ஊட்டு மூலையில இடிக்கும். காளியண்ணன் தன்னோட போர்வெல்லுக்குக் கொழாய் ஏத்திட்டுப் போற சப்போர்ட் லாரியைத் தர்றேன்னாரு. பலம்னா அப்படிப் பலம். ஓட்டிப் பாத்தேன். திருச்செங்கோடு போறதுக்குள்ள என் மேல்பாக்கெட்டுல இருந்த பேனா தானாக் கழண்டு கீழ விழுந்துருச்சு. பாவாயி உக்காந்து வர்ற சீட்டு அது. வேண்டான்னுட்டேன்.

கடைசியிலதான் இது ஆப்புட்டுச்சு. டிப்பர் லாரி. மணல் தொட்டியைக் கழட்டிப்போட்டு டர்ன் டேபிள் வெச்சேன். டிப்பரோட சேஸு, அதான் அடிச்சட்டம், நீளம் கம்மி, வாலு இல்லை, பின்அச்சு மலையாட்டம் தாங்கும், பிரேக் நின்ன எடத்துல நிக்கும். இதைவிடப் பொருத்தமா ஒரு வண்டி இந்த ஜில்லாவுல கெடைக்காதுங்க. விக்க வந்தவன் பேச்சுன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு வண்டி பாத்துட்டு வந்ததும் பாவாயிகிட்டச் சொல்லுவேன், இதுல இன்ன குறை, அதுல இன்ன குறைன்னு. உங்களுக்குத் தெரியாததுங்களான்னு சொல்லுவா. எட்டு மாசமும் அதையேதான் சொன்னா. நம்ம மேல அப்படி ஒரு நம்பிக்கை.

ஒரு நல்ல நாளாப் பாத்துப் பூசை போட்டு, நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கெளம்புனோம். கொக்கி மாட்டுனதும் ஒரு இழு இழுத்துப் பாக்கோணும், புடிச்சிருக்குதான்னு. எந்த டிரெய்லர்காரனும் அதைப் பாக்காம நகர மாட்டான். இழுத்தேன், கெட்டியாப் புடிச்சிருந்துச்சு. பாவாயி பக்கத்துல மெத்தை சீட்டுல உக்காந்தா. வழியெல்லாம் நான் சொல்லிக்கிட்டே வந்தேன். இங்கதான் டயர் வெடிச்சுது, இந்தக் கடையிலதான் புரோட்டா, இந்தப் பாலத்துக்குக் கீழ ரெண்டு நாளு நின்னேன்னு. எல்லாத்துக்கும் ம் போட்டா. மதுரை தாண்டுனதும் தூங்கிட்டா. மெத்தை அப்படி.

ராமேசுவரத்துல கடலோரமா ஒரு தோப்புல நிறுத்துனோம். காலையில எந்திரிச்சா, இவ டீ போட்டு வெச்சுக்கிட்டு அந்தப் பெரிய ஜன்னல்கிட்ட ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கறா. முப்பத்திநாலு வருஷத்துல இவ சும்மா உக்காந்து நான் பாத்ததில்லை. ஒடம்பு சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். சிரிச்சா. மூணு நாளும் அப்படியே உக்காந்திருந்தா. மூணாம் நாளு கெளம்போணும், நான் அட்டவணை போட்டிருந்தேன். இன்னும் ஒரு நாளு இருக்கலாமுங்களான்னு கேட்டா. வெள்ளோட்டத்துக்கு மூணு நாளு போதும், ஊட்டுக்குப் போயி பிரேக் பாத்துட்டுக் கன்னியாகுமரி கெளம்பறோம்னேன். கெளம்பிட்டோம்.

வந்து ஊட்டை அந்தத் தென்னைமரத்துக்கிட்ட நிறுத்தி, அதோட முட்டுக்காலை எறக்கி, கொக்கியைக் கழட்டிட்டு, மக்கா நாளு லாரியை மட்டும் தண்ணி சர்வீசுக்கு ஓட்டிட்டுப் போனேன். கடல் காத்து உப்பு, சேஸை அரிச்சிரும். அஞ்சு மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்து பாக்கறேன், வண்டி ஊட்டுக்கு நாலு சக்கரத்துக்கும் முன்னயும் பின்னயும் ஹாலோ பிளாக் கல்லு. பால் சொசைட்டிப் பொம்பளைங்க ரெண்டு பேரு கையைத் தட்டிக்கிட்டுப் போறாங்க. எங்க ஊட்டுக்குள்ள போனா பாதி ஊட்டைக் காணோம். தகரப் பொட்டி, சாமி படம், பித்தளைச் சாமான், ரேடியோ, துளசித் தொட்டி வரைக்கும் எல்லாம் அங்க போயிருச்சு. போயிக் கதவைத் தள்ளுனேன். உள்ள தாழ்ப்பாள்.

ஜன்னலைத் தொறந்து அவதான் பேசுனா. சத்தமாக்கூடப் பேசலைங்க. "ஏனுங்க, நீங்க ஊருலகமெல்லாம் சுத்துன முப்பத்தொரு வருஷமும் நான் உங்கம்மா ஊட்டுல இருந்தேன். அவங்க போயும் அது அவங்க ஊடுதான். இது எனக்குன்னு கட்டுனதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? நான் இதுல இருந்துக்கறேன். நீங்க எங்க போறதுன்னாலும் போங்க, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை. நாலு கிலோ பையைத் தராசுல வெச்சீங்களே, அன்னைக்கே என்னன்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

கேக்கறதுக்கு என்னங்க இருந்துச்சு அதுல? நாலு கிலோ இருநூறு. தராசு சுத்தம். எட்டு மாசம் பாத்து எடுத்த லாரிடீ, இதைவிடப் பொருத்தமா கெடைக்காதுன்னேன். ஆமாங்க, நல்ல லாரிதான்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்திட்டா.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. தப்பு எங்கன்னா, எடையில. அவளுக்கு வேண்டிய சாமான் நாலு கிலோ இல்லை. அந்தப் பொம்பளைங்க பதினோரு நடை நடந்திருக்காங்க, விசாரிச்சேன். முன்னூறு கிலோவுக்குக் கொறையாது. அப்ப லாரி மேல இன்னொரு அறுபது உக்காரும். இந்தச் சாமானோட ஊடு நகரோணும்னா இந்த லாரி காணாது, கொஞ்சம் பெருசா வேணும். சாமானைச் சரியா எடை போட்டு, அதுக்குப் பொருத்தமா ஒரு லாரி கொண்டாந்து நிறுத்துனா வராம எங்க போவா? அதுக்குத்தான் இதை விக்கறேன். இப்பப் புரியுதுங்களா? எம் பொண்ணு போன்ல, அப்பா நீங்க அம்மாகிட்டப் பேசுங்க, லாரியை விடுங்கங்கறா. பேசிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன், அவ எடையைச் சொல்ல மாட்டேங்கறாங்கறேன். போனை வெச்சிடறா. அங்க அவளுக்கு வேலை ஜாஸ்தி.

முதல் ஒரு மாசம் நெம்பக் கஷ்டமுங்க. நானே பொங்கித் தின்னேன். ரசம் வெக்கறப்போ உப்பைத் தேடிக் கத்துனேன், அங்க இருந்து ஜன்னல் வழியா மூணாவது டப்பான்னு சத்தம் வந்துச்சு. அதுதான் அந்த மாசம் அவ என்கிட்டப் பேசுனது. பொய் சொல்லலைங்க, அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டுட்டு ரசத்துல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். மக்கா நாளு பொழுதோட நாலு மணிக்குத் தராசைத் தூக்கிட்டுப் போயிக் கதவைத் தட்டுனேன். சாமானை நிறுக்கோணும், கூட்டிட்டுப் போறதுக்கு இல்லை, எனக்கு விவரம் வேணும்னேன். அவ என்னையும் தராசையும் பாத்தா. அப்புறம் தாழ்ப்பாளை நீக்குனா. ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னா.

அன்னையில இருந்து தெனமும் நாலு மணிக்குப் போறேன். முதல் நாளு தையல் மெஷினு, ஸ்டாண்டோட இருபத்தாறு கிலோ நானூறு. நம்ம ஊட்டுல தையல் மெஷினா, எப்ப வாங்குனதுன்னு கேட்டேன். பதினாலு வருஷமாச்சுன்னா. தெருவுல பாதிப் பேரு ஜாக்கெட்டு இவ தெச்சதாம். கோகிலா காலேஜுக்குப் போன பஸ் பாஸு அதுல வந்துச்சாம். எனக்கு ஒரு டம்ளர் மோர் குடுத்தா. அடுத்த நாளு தோசைக்கல்லு, மூணு கிலோ நூறு. அதுக்கு ஒரு கதை. இப்படியே போகுதுங்க, சாமானுக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு டம்ளர் மோர்.

ஒரு நாளு தொட்டில் சங்கிலி எடுத்து வெச்சா. எங்களுக்கு ரெண்டாவது ஒரு பையன் பொறந்து நாலாம் நாளு போயிட்டான். நான் அப்ப விசாகப்பட்டணத்துல. வந்து சேந்தது ஒன்பதாம் நாளு. வந்தப்போ அவ ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை, பதினோராம் நாளு லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். சங்கிலி ஒரு கிலோ அறுநூறு. அன்னைக்குத்தான் சொன்னா. பையனுக்கு மூக்கு என்னாட்டமே இருந்துச்சாம். நெம்பரை எழுதலாம்னு காகிதத்தை எடுத்தேன், எழுத முடியலை. அவதான் வாங்கி எழுதுனா. அந்த வரி மட்டும் அவ கையெழுத்து.

ஏழு மாசம் ஆச்சுங்க. இன்னும் முடியலை. சிலதை மறுக்கா நிறுத்துப் பாத்திருக்கேன், சந்தேகத்துக்கு. பித்தளைக் கொடம் நாலு தடவை. பித்தளை எடை மாறுமான்னு கேப்பீங்க. மாறாது.

நேத்து ஒரு சொம்பு. நிறுத்து முடிச்சும் அவ எழுந்திரிக்கலை. அந்தக் காகிதத்தைக் குடுங்கன்னு வாங்கி மேல இருந்து படிச்சா. ஜாக்கி, ஸ்பேனர் பொட்டின்னு படிச்சுக்கிட்டே வந்தவ பாவாயி அம்பத்தெட்டுங்கற எடத்துல நிறுத்துனா. இது எப்ப நிறுத்ததுன்னா. நிறுக்கலை, கண்ணால பாத்துப் போட்டேன்னேன்.

"எந்த வருஷத்துக் கண்ணுங்க அது? பருப்பைக்கூடத் தராசுல வெச்சிருக்கீங்க. என்னை மட்டும் பாக்காமயே எழுதியிருக்கீங்க. நாளைக்கு நானே ஏறி நிக்கறேன், சரியா எழுதுங்க."

அதான் இன்னைக்கு. காலையில எந்திரிச்சதும் தராசைத் தொடைச்சேன். இரும்புத் தட்டு வெயில்ல காலைச் சுடும், அதனால ஒரு பழைய வேட்டியை மடிச்சு மேல போட்டிருக்கேன். வேட்டி நானூத்தியம்பது கிராம், அதைக் கழிச்சுக்கலாம். சவரம் பண்ணிக்கிட்டேன். எதுக்குன்னு தெரியலை, தராசு பாக்கறதுக்குச் சவரம் எதுக்கு?

சத்தம் கேட்டுதுங்களா? தாழ்ப்பாள். மணி இன்னும் நாலு ஆகலை, பத்து நிமிசம் இருக்குது. அவளாத் தொறக்கறாளுங்க. நான் இன்னும் தட்டவே இல்லை.

நீங்க இருங்க. சாவி வண்டியிலயே இருக்குது, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, ஆர்.சி. புக்கு சீட்டுக்கு அடியில இருக்குது. விலை நான் வந்து சொல்றேன். எந்நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. நேத்து ஒரு சொம்புக்கே ஒன்றரை மணி நேரம் ஆச்சு.